கடித்த நாய்க்குச் சொந்தக்காரர்

ரொம்ப காலத்துக்கு முன்னால், கடலோரத்து நெடுங்கரை நாட்டைச் செம்பொன்மாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவான், சாப்பிட்டு எழுந்ததும் அதை மாற்றுவான். கடைசியாக அவன் காதில் யார் ஓதினார்களோ அவர்கள் சொன்னதுதான் சட்டம். பெரும்பாலும் ஓதுகிறவர் நீதி அதிகாரி மழவராயர்.

அந்த ஊரில் கருவாடு விற்றுப் பிழைத்தவள் காத்தாயி. சந்தையில் வழக்கு என்றால் ஜனங்கள் மழவராயரிடம் போகாமல் அவளிடம் போனார்கள். ஒருமுறை ராஜாவே மழவராயரைப் பார்த்து, "உம்முடைய தீர்ப்பைவிட இவள் தீர்ப்பு சுருக்கமாக இருக்கிறதே" என்று சபையில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மழவராயருக்கு வயிற்றெரிச்சல்.

காத்தாயியின் தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. ஒரு வீட்டில் கஞ்சி குடிக்கும், இன்னொரு வீட்டு வாசலில் படுக்கும், மூன்றாவது வீட்டுக் கோழியைத் துரத்தித் திட்டு வாங்கும். பகலெல்லாம் காத்தாயியின் கூடைக்குப் பின்னால் அலையும். அது ஒருநாள் மழவராயரின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது.

அவர் போய் ராஜாவின் காதில் ஓத, சாயங்காலமே தெருத்தெருவாக முரசு அறைந்தார்கள். நாய் கடித்தால் அதன் சொந்தக்காரர் நாட்டை விட்டுப் போக வேண்டும். சொந்தக்காரர் இல்லாத நாய் என்றால் கல்லைக் கட்டிக் கடலில் போட வேண்டும்.

மறுநாள் காத்தாயியைக் கூடையோடும் நாயைக் கயிற்றோடும் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"உன் நாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்" என்றார் மழவராயர்.

இல்லை என்றால் அவள் வீட்டுக்குப் போகலாம், நாய் கடலுக்குப் போகும். ஆமாம் என்றால் நாய் பிழைக்கும், அவள் பிறந்த மண்ணை விட்டுப் போக வேண்டும். மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது? நாயோ ஒன்றும் தெரியாமல் அவள் காலடியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"சொந்தக்காரின்னா யாருங்க? அதை மொதல்ல சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்" என்றாள்.

"நாய் யார் பின்னால் போகிறதோ அவரே சொந்தக்காரர். இது தினமும் உன் பின்னால் போவதை ஊரே பார்த்திருக்கிறது."

"அது என் பின்னால வரல, கூடை பின்னால வருது. ஐயா கொஞ்சம் இதைப் புடிச்சுக்கிட்டு நாலு எட்டு நடந்தா மகாராசாவுக்கே தெரியும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். "பிடியும், மழவராயரே" என்றான்.

அரசன் சொன்னால் தட்ட முடியுமா? சந்தனம் பூசிய கையால் கருவாட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு மழவராயர் நொண்டி நொண்டி நடந்தார். கயிற்றை அவிழ்த்ததும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனது. அவர் திரும்பினால் அதுவும் திரும்பியது. சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"சட்டப்படி நீர்தான் மூட்டை கட்ட வேண்டும் போலிருக்கிறதே" என்றான் ராஜா.

மழவராயர் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தார். "அரசே, பின்னால் போவது ஒரு அடையாளம்தான். சட்டத்தின் உண்மையான பொருள் வேறு. ஒன்றை வைத்துக்கொள்ளவும், கொடுக்கவும், அழிக்கவும் யாருக்கு உரிமை உண்டோ அவரே அதன் சொந்தக்காரர்."

"அப்போ இந்த நாயை நான் கொல்லலாமா?" என்று கேட்டாள் காத்தாயி.

"கூடாது. அந்த உரிமை அரசருக்கு மட்டும்தான்."

காத்தாயி அவரை விட்டுவிட்டு நேராக ராஜாவைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா மகாராசா? கொல்ல உங்களுக்கு உரிமை இருக்குன்னா இது உங்க நாய். உங்க நாய் கடிச்சிருக்கு, நாட்டை விட்டுப் போக வேண்டியது நீங்க. உங்க நாய் இல்லேன்னா, அடுத்தவங்க நாயைக் கடல்ல போட நீங்க யாரு?"

காவலர்கள் ஈட்டியை இறுகப் பிடித்தார்கள். காத்தாயி தலை குனியவில்லை.

ராஜா தாடியைத் தடவினான். "சரி, அது யாருடையதுதான்?"

"எங்க தெருவோடது. கஞ்சி ஊத்துறோம், சொறி வந்தா மஞ்ச அரைச்சுப் பூசுறோம். அது கடிச்சா தெருவே வந்து பதில் சொல்லும். பதில் சொல்றவங்கதான் சொந்தக்காரங்க, கொல்றவங்க இல்ல."

"அப்படியானால் இவர் காலுக்குப் பதில் சொல்."

"சொல்றேன். தினம் வந்து நானே மருந்து வச்சுக் கட்டுறேன். ஆனா அது எதுக்குக் கடிச்சுதுன்னு ஐயாவும் சொல்லணும்."

மழவராயர் சுவரைப் பார்த்தார்.

"சொல்லும்" என்றான் ராஜா.

"வழியில் படுத்திருந்தது, அரசே. காலால் லேசாக..."

"தூங்கிக்கிட்டிருந்த நாயை விலாவுல ஒதைச்சாரு, மகாராசா. வீக்கம் இன்னும் இருக்கு, தொட்டுப் பாருங்க."

ராஜா இறங்கி வந்து குனிந்து நாயின் விலாவைத் தொட்டான். அது ஒருமுறை முனகியது. அவன் முகம் சுருங்கிவிட்டது.

"என்னிடம் பாதிக் கதை சொல்லி முழுச் சட்டம் வாங்கியிருக்கிறீர், மழவராயரே. அந்தச் சட்டம் இன்றோடு செத்தது. வீக்கம் வடியும்வரை தினமும் காலையில் இவள் தெருவுக்கு நீரே இந்த நாய்க்குச் சோறு கொண்டுபோய் வையும். ஆள் அனுப்பக் கூடாது." பிறகு தன் கழுத்துப் பொன் சங்கிலியைக் கழற்றி, "நாய்க்குப் போடு" என்று நீட்டினான்.

காத்தாயி கையை நீட்டவில்லை. "வேண்டாம் மகாராசா. கழுத்துல சங்கிலி இருந்தா நாளைக்கே இன்னொருத்தர் வந்து இது யாரு நாய்னு கேப்பாரு."

ராஜா சங்கிலியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். அன்று முதல் நெடுங்கரையில் நாய் வழக்கு எது வந்தாலும், சொந்தக்காரர் யார் என்று கேட்பதற்கு முன்னால், முதலில் உதைத்தது யார் என்றுதான் கேட்டார்கள்.