சங்கிலியில் வந்த குற்றவாளி

குமிழியூர் ராஜா செண்பகராயருக்கு எதிரிகளே இல்லை. போரில்லாமல் சலித்துப்போய்க் கடைசியில் வெங்காயத்தின் மேல் படையெடுத்தார்.

காரணம், பக்கத்து நாட்டு விருந்து. அங்கே பச்சை வெங்காயத்தை வெள்ளரிப்பிஞ்சு போலக் கடித்துத் தின்றார்கள். காரமே இல்லை. தித்தித்தது! ராயருக்குப் பொறாமை தாங்கவில்லை. அதே விதையை வாங்கிவந்து தம் நாட்டில் விதைத்தார். அறுவடைக்குப் பக்கத்து ராஜாவையும் அழைத்தார். சபை நடுவே ஒரு வெங்காயத்தை எடுத்துப் பெருமையாகக் கடித்தார்.

கண்ணிலும் மூக்கிலும் அருவி கொட்டியது.

"வீட்டில் ஏதாவது துக்கமா?" என்று விருந்தாளி பரிவோடு கேட்டார்.

அவர் ஊர் போய்ச் சேருமுன்னே ராயர் கர்ஜித்தார். "இந்தக் காரத்துக்குக் காரணமானவன் நாளை சங்கிலியோடு என் முன் நிற்க வேண்டும்!"

"உழவர்கள்தான் விதையை மாற்றிவிட்டார்கள், பிரபு" என்றார் மந்திரி ஆராவமுதர். ராஜாவின் கோபம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்வது அவர் வழக்கம். உழவர்கள் சிறைக்குப் போனார்கள்.

சபையில் விகடம் பேசும் மருதவாணருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நேரே வயலுக்குப் போனார். அங்கே ஓர் உழவன் மனைவி வீராயி கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"வெங்காயம் காரமா இருந்ததுக்குத் தலையை எடுப்பாங்களா, சாமி?"

மருதவாணர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பை வாயருகே கொண்டுபோனதும் குப்பென்று கந்தக நெடி. செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அழாதே, தாயே. ஒரு கூடை இருந்தால் கொடு."

மறுநாள் சபைக்கு ஒரு கூடை மண் வந்தது. கூடையைச் சுற்றி இரும்புச் சங்கிலி.

"இதோ குற்றவாளி" என்றார் மருதவாணர்.

"என்ன ஓய், விளையாட்டா?"

"இல்லை, மகாராஜா. விதை அதேதான். இந்த மண்ணில் கந்தகம் அதிகம். வெங்காயம் அதை உறிஞ்சித்தான் காரமாகிறது. பக்கத்து நாட்டு மண்ணில் அது குறைவு."

"அந்த வெங்காயத்தில் சர்க்கரை அல்லவா அதிகம்?"

மருதவாணர் ஒரு கிண்ணத்தை நீட்டினார். நெய்யில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். ராயர் சுவைத்தார். முகம் மலர்ந்தது.

"ஆகா, இதுதான்! அங்கே தின்றது!"

"நேற்றுத் தங்களை அழவைத்தது இதுதான், பிரபு. தித்திப்பு இதிலும் உண்டு. காரம் அதை மறைக்கிறது. நெருப்பில் வதங்கியதும் காரம் ஓடிவிட்டது. அங்கே மறைக்கக் காரம் இல்லை, அவ்வளவுதான்."

உழவர்கள் தப்பிவிடுவார்களே என்று ஆராவமுதருக்குப் பதைத்தது. துள்ளி எழுந்தார்.

"மண் குற்றவாளி என்றால் மண்ணுக்குச் சொந்தக்காரனை விடலாமா? ஐம்பது கசையடி கொடுக்க வேண்டும்!"

"இன்னொரு தடவை சொல்லுங்கள், மந்திரியாரே."

"நூறு தடவை சொல்வேன்! சொந்தக்காரனுக்கு ஐம்பது கசையடி!"

மருதவாணர் ராயரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உழவர்கள் கூலிக்கு உழுதவர்கள். மண் அரண்மனை மண். மந்திரியார் கேட்பது தங்கள் முதுகை, மகாராஜா!"

ராயரின் மீசை முதலில் துடித்தது. பிறகு தொந்தி குலுங்கியது. சிரிப்பு அடங்கப் அரை நாழிகை ஆயிற்று. உழவர்களை விடுவித்தார். தம் தோளிலிருந்த சால்வையை மருதவாணருக்குப் போர்த்தினார். பிறகு மந்திரி பக்கம் திரும்பினார்.

"ஆராவமுதரே, ஏன் கண் கலங்குகிறது?"

"வெங்காய நெடி, பிரபு..."

மருதவாணர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"இதுவா? இது வதங்கிவிட்டதே, மந்திரியாரே. அழுவதானால் சொந்தமாகத்தான் அழ வேண்டும்."