ஒரே இடத்தில் இரண்டு வாஷர்

ஈரோட்டில் பெட்ஷீட் வியாபாரம் செய்யும் சென்னியப்பனின் வெள்ளைக் காருக்குள் முன்பு ஒரு ரப்பர் வாஷர் பதவியில் இருந்தது. பதவி என்றால் சின்னப் பதவி இல்லை. எண்ணெயை வடிகட்டும் ஃபில்டர் டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே போகாமல் காப்பது அதன் வேலை. ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டர் போகும், அதோடு வாஷரும் போகும். புது ஃபில்டர் தன் வாஷரோடு வந்து உட்காரும். அதுதான் முறை.

ஆனால் சென்னியப்பன் இரண்டு வருடமாக ஆயிலே மாற்றவில்லை. சூட்டில் வெந்து வெந்து வாஷர் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டது. முதலில் உடம்புதான் ஒட்டியது. பிறகு மனசும் ஒட்டிக்கொண்டது.

"நாளை ஆயுத பூஜை. இன்றைக்கு நம்மை எல்லாம் சுத்தம் செய்யப் போகிறாராம். ஆயிலையும் தானே மாற்றப் போகிறாராம்" என்று செய்தி சொன்னது ஆயில் குச்சி. எஞ்சினுக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்கும் குச்சி அது. பொய் சொல்லத் தெரியாது. அதனாலேயே அதை யாரும் வெளியே எடுத்துப் பார்ப்பதில்லை.

"தானே மாற்றுவதா? மெக்கானிக் ரஹமத்துல்லா வரவில்லையா?" என்று எஞ்சின் பயந்தது. அதன் பயத்தில் நியாயம் இருந்தது. எண்ணெய் இல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடினால் அதன் கதை முடிந்தது.

"வரவில்லை. பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டார். அதுவும் முழுசாகப் பார்க்கவில்லை."

சென்னியப்பன் மூன்று மணிக்குக் காருக்கு அடியில் படுத்தார். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். வேலையை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்பதில் அவ்வளவு குறி இல்லை.

எண்ணெய் வடிக்கும் அடிபோல்ட்டைக் கழற்றியதும் இரண்டு வருடத்து எண்ணெய் கருகருவென்று கொட்டியது. முதலில் அவர் முழங்கை வழியாக அக்குளுக்குப் போனது. பிறகு மாவு கரைக்கும் டப்பாவில் விழுந்தது. மூன்று லிட்டர் டப்பாவில் நாலரை லிட்டர் கொள்ளாது என்பது டப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. மீதி எண்ணெய் போர்ட்டிகோ டைல்ஸில் ஓடி, பூஜைக்காக மனைவி வளர்மதி போட்டிருந்த கோலத்தில் பாதியைத் தின்றது.

"ஏனுங்க, அது மாவு டப்பாவுங்க" என்றாள் வளர்மதி வாசலில் நின்று.

"கழுவிக்கலாம் புள்ள. இதென்ன கம்ப சூத்திரமா? அந்த ரஹமத்து சும்மா ஆளை மெரட்டி வச்சிருக்கான்."

ஃபில்டர் லேசில் வரவில்லை. துணியைச் சுற்றித் திருகினார், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார், அதன் அம்மாவைத் திட்டினார். கடைசியில் டப்பா மட்டும் கையோடு வந்தது. வாஷர் வரவில்லை. அது எஞ்சினை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தது.

கழற்றிய டப்பாவின் வாயில் வாஷர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு விநாடி போதும். சென்னியப்பன் அந்த விநாடியில் மணி பார்த்தார். நாலே கால்.

"ஐயா, உங்கள் காலம் முடிந்துவிட்டது. நீங்களாக விழுந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்றது ஆயில் குச்சி.

"யாரிடம் பேசுகிறாய்? நான் சீனியர். என்னை யாராவது போகச் சொன்னார்களா? தொட்டாவது பார்த்தார்களா? தொடவில்லை என்றால் நீடிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்" என்றது பழைய வாஷர்.

அதற்குள் புது ஃபில்டர் வந்துவிட்டது. அதன் வாயில் பளபளவென்று ஒரு புது வாஷர். வந்து உட்காரப் பார்த்தால் இடத்தில் ஏற்கெனவே ஆள்.

"ஐயா, இது என் இடம்" என்றது புதியது.

"வா தம்பி, வா. என்மேல் உட்கார். மேலே ஒரு ஆள் இருந்தால் எனக்கும் கௌரவம்தான். ஆனால் பொறுப்பு என்னிடம்தான் இருக்கும்."

"பொறுப்பு உங்களிடம் என்றால் எண்ணெய் ஒழுகினால் நீங்கள்தானே பதில் சொல்ல வேண்டும்?"

"அது எப்படி? இப்போது உத்தியோகத்தில் இருப்பது நீதானே?"

சென்னியப்பன் அடிபோல்ட்டை மறுபடி மாட்டி, ஃபில்டரையும் திருகி முடுக்கினார். இரண்டு வாஷரும் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கின. எஞ்சினுக்கு அந்த இடத்தில் ஏதோ உறுத்தியது. ஆனால் தேன் நிறத்தில் புது எண்ணெய் உள்ளே இறங்கியதும் அது உறுத்தலை மறந்து சொக்கிப்போனது.

"இனிமேல்தான் முக்கியமான கட்டம். வண்டியை ஸ்டார்ட் செய்து அடியில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அணைத்துவிட்டு என்னை எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றது ஆயில் குச்சி.

சென்னியப்பன் ஸ்டார்ட் செய்யவில்லை. மணி நாலு இருபத்தெட்டு. ராகு காலம் தொடும் நேரத்தில் எவனாவது புது ஆயிலோடு வண்டியை எடுப்பானா? நாளை பூஜை முடிந்து எலுமிச்சம்பழம் ஏற்றித்தான் முதல் ஸ்டார்ட். ஸ்பேனரையும் ஸ்க்ரூ டிரைவரையும் கழுவித் துடைத்து பூஜை அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார். அன்று அவர் கழுவியவற்றில் ஒழுங்காகச் சுத்தமானது அந்த ஸ்பேனர் ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் கார் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. பானெட்டில் மாலை, ஸ்டியரிங்கில் சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். சென்னியப்பன் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குத் திருநீற்றுப் பட்டை போட்டார். ஆயில் குச்சியின் தலையில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னை எடுத்துப் பார்க்கச் சொன்னால் கும்பிட்டுவிட்டுப் போகிறாரே" என்றது குச்சி. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. எண்ணெய் வேகமெடுத்துப் பாய்ந்து வந்து இரண்டு வாஷர்களின் மீதும் மோதியது.

"தடுங்கள் ஐயா" என்றது புதியது. "வழுக்குகிறது."

"நீ தடு. நான் மேற்பார்வை."

"நான் உட்கார்ந்திருப்பதே உங்கள்மேல். நீங்கள் அசைந்தால் நான் எப்படி நிற்பது?"

"நான் அசையவில்லை. நீதான் என்னைத் தள்ளுகிறாய். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை."

எண்ணெய்க்கு வாக்குவாதத்தில் அக்கறை இல்லை. இருவருக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது, போய்விட்டது.

சக்கரங்கள் எலுமிச்சம்பழங்களை நசுக்கின. கூடியிருந்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் பழத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வளர்மதி மட்டும் கீழே குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வண்டிக்கு அடியில மஞ்சளா ஊத்துதுங்க."

"எலுமிச்சம்பழச் சாறு புள்ள."

"நாலு பழத்துக்கு இத்தனை சாறுங்களா? கையில தொட்டா வழவழன்னு இருக்குது. அந்த ஸ்பேனரை எடுத்து அடியில ஒருக்கா என்னன்னு பாருங்க."

"சாமிகிட்ட வச்ச ஆயுதத்தை இன்னிக்கு எடுக்கறதா? நாளைக்கு விஜயதசமி. விடிஞ்சதும் எடுத்துப் பாத்துக்கலாம். நல்ல நாளும் அதுவுமா நையி நையின்னு பேசாம ஏறு."

"நான் ஏறுலீங்க" என்றாள் வளர்மதி. ஏறவும் இல்லை.

சென்னியப்பன் தனியாகவே கோயிலைச் சுற்றி வரக் கிளம்பினார். தெரு முனையில் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் தீர்ந்துவிட்டது, நிறுத்து என்று கத்த அந்த விளக்குக்கு வாய் கிடையாது, எரிய மட்டும்தான் தெரியும். புது ஆயில் வண்டி முழுக்கப் பரவ நேரமாகும் என்று அவர் தமக்குத் தாமே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

"வாஷர்களே, எனக்குத் தொண்டை வறள்கிறது" என்றது எஞ்சின்.

"எழுதிக் கொடுங்கள். யாருடைய பொறுப்பு என்று முடிவானதும் பார்க்கிறோம்" என்றது பழையது.

இரும்பை இரும்பு கடித்தது. ஒன்பது வருடம் அந்தக் குடும்பத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் சுமந்த எஞ்சின், கோயில் வளைவில் மாலையும் திருநீறுமாக ஒரு முறை முனகிவிட்டு இறுகிப்போனது. பாவம், அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

விஜயதசமியன்று ரஹமத்துல்லாவின் பட்டறைக்குக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ரஹமத்துல்லா முதலில் ஆயில் குச்சியை உருவினார். குங்குமம் இருந்தது, எண்ணெய் இல்லை. பிறகு ஃபில்டரைக் கழற்றி, ஒட்டியிருந்த இரண்டு வாஷரையும் பிய்த்துக் காட்டினார்.

"பழசை எடுக்காமயே புதுசை மாட்டிப்போட்டீங்க சார். எஞ்சின் மொத்தமா போச்சுங்க."

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தார். யோசித்து, "பூசணிக்காய் சரியா ஒடையல ரஹமத்து. அப்பவே எனக்கு மனசு சொல்லுச்சு" என்றார்.

ரஹமத்துல்லா இரண்டு வாஷரையும் மூலையில் இருந்த தகர டின்னில் எறிந்தார். அங்கே கிழிந்த டியூபும் உடைந்த போல்ட்டும் கிடந்தன. புது வாஷர் வெட்கத்தில் டியூபுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. ஒரே ஒரு நாள் உத்தியோகம், அதற்குள் ஒரு சாவு.

பழைய வாஷர் வசதியாகச் சாய்ந்துகொண்டு பக்கத்தில் கிடந்த போல்ட்டிடம் பேச்சுக் கொடுத்தது.

"இரண்டு வருடம் என் பொறுப்பில் ஓடிய வண்டி. புதிதாக ஒருவனைக் கொண்டுவந்தார்கள், மறுநாளே நின்றுவிட்டது. அனுபவத்தை மதிக்காவிட்டால் இப்படித்தான்."