கறை தெரிந்த பை

ஆம்பூர்ச் செருப்புக் கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் தோல் தைத்தவள் லூர்தம்மாள். ஐம்பத்தேழாவது வயதில் ஹசீனாவிடம் தொழில் கற்கச் சேர்ந்தாள். ஹசீனாவுக்கு முப்பத்திரண்டு வயது. ஆன்லைனில் கைமாறி வரும் விலை உயர்ந்த வெளிநாட்டுக் கைப்பைகளில் எது அசல், எது போலி என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

அசல் பையில் கைப்பிடித் தையல்களின் எண்ணிக்கை மாறாது. அவற்றை முதலில் லூர்தம்மாள் எண்ணுவாள். பிறகு ஹசீனா எண்ணுவாள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டு மாதமாக லூர்தம்மாளின் கண்களில் புரை. தையல்களை நகத்தால் தடவித்தான் எண்ணினாள். ஹசீனாவுக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவாள் என்று வாயே திறக்கவில்லை.

ஒரு நாள், பை வாங்க யோசனை கேட்டு வந்த நர்ஸ் ஒருத்தி போனை நீட்டினாள். ஒரே மாதிரிப் பை, விற்பவர்கள் இரண்டு பேர்.

"வாத்தியாரம்மா, இதுல யாரை நம்புறது?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

ஹசீனா இருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பினாள். 'உள்தையலை இன்றைய பேப்பரோடு வைத்துப் படம் அனுப்புங்கள்.'

முதல் ஆள் உடனே பதில் போட்டான். 'மூணு பேர் வெயிட்டிங். இப்பவே பணம் போடுங்க.'

மற்றவளிடமிருந்து அரைமணி கழித்துப் படம் வந்தது. பேப்பர் இருந்தது, தையல் இருந்தது. கேட்காமலே இன்னொரு படமும் இருந்தது. 'உள்துணியில பேனா மை ஒழுகிடுச்சு. பார்த்துக்குங்க.'

"இவங்ககிட்ட வாங்கலாம். பை வந்ததும் எண்ணிடுவோம்" என்றாள் ஹசீனா.

"கறை இருக்கே!"

"காட்டிட்டாங்களே."

நான்காம் நாள் பை வந்தது. லூர்தம்மாள் கைப்பிடியைத் தடவினாள். நூல் தோலுக்குள் ஆழப் பதிந்திருந்தது. நகத்துக்கு ஒரு தையலும் அகப்படவில்லை.

"எத்தனைக்கா?"

போன வாரம் இதே மாதிரிப் பையில் இருபத்திரண்டு. அதைச் சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது.

"தெரியலைம்மா" என்றாள். "கண்ணுல புரை. ரெண்டு மாசமா நகத்தாலதான் எண்ணுறேன். உன்கிட்ட மறைச்சிட்டேன். நான் வேலையை விட்டு நின்னுக்கிறேன்."

ஹசீனா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். லூர்தம்மாளின் விரலைப் பிடித்து முதல் தையலின் மேல் வைத்தாள்.

"வியாழக்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம். இப்ப சேர்ந்து எண்ணுவோம். ஒண்ணு."

"இன்னுமா என்னை நம்புறே?"

"காட்டிட்டீங்களே, அக்கா."