அண்ணத்தின் ஐந்தாவது தசை

“நாலு மாசமாச்சு, மேடம். ஏன் என்னை ஒண்ணுமே கேட்க மாட்டேங்கிறீங்க?” என்றார் டாக்டர் பாக்கியநாதன்.

ஞானசௌந்தரி ஒரு கரண்டி கஞ்சியை வாயில் விட்டு, தலையைத் தாழ்த்தி, மெல்ல விழுங்கினார்.

பாதி மூக்கு வழியே திரும்பி வந்தது. துண்டால் ஒற்றிக்கொண்டார்.

மருத்துவக் கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் உடற்கூறியல் நடத்தியவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்ட குரல். பாக்கியநாதன் அந்தக் கடைசி பெஞ்சுக்காரர்.

கழுத்தின் இடப் பக்கத்தில் கட்டி வந்தபோது, “என் மாணவனே கத்தி வைக்கட்டும்” என்று அவரிடம்தான் வந்து படுத்தார்.

கட்டி போயிற்று. கூடவே அண்ணத்துக்கும் தொண்டைக்கும் போகிற நரம்பும் அறுந்தது.

நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்தது, வேறு வழியில்லை என்று பாக்கியநாதன் எல்லோரிடமும் சொன்னார். ஞானசௌந்தரியின் மகளிடம் சொன்னார். கூட வேலை பார்க்கும் மருத்துவர்களிடம் சொன்னார். தன் மனைவியிடமும் அதையே சொன்னார்.

ஞானசௌந்தரியிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவே இல்லை.

பாக்கியநாதன் ஞாயிறு தவறாமல் அவர் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவதோடு சரி.

“மாக்கியம்,” என்றார் ஞானசௌந்தரி.

பாக்கியம் என்றுதான் கூப்பிட்டார். காற்று மூக்கில் ஒழுகியதில் முதல் எழுத்து நிற்கவில்லை.

பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் கையில் ஒரு டார்ச்சைத் திணித்துவிட்டு, ஞானசௌந்தரி வாயைத் திறந்து ‘ஆ’ என்றார்.

“பார்த்துச் சொல்லு.”

பாக்கியநாதன் மேல்வாயின் பின்பக்கம், மெல்லண்ணத்தின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தார்.

“இடப் பக்கம் மெல்லண்ணம் தொங்குது. உள்நாக்கு வலப் பக்கமாப் போகுது. நல்லா இருக்கிற பக்கம் இழுக்குது, மேடம்.”

“அண்ணத்துல தசை எத்தனை?”

“ஒரு பக்கத்துக்கு அஞ்சு.”

“இந்தப் பக்கம் செத்தது?”

பாக்கியநாதன் டார்ச்சை அணைத்தார்.

“நாலு. அண்ணத்தைத் தூக்குறது. நாக்கோட சேர்க்குறது. தொண்டையோட சேர்க்குறது. அப்புறம் உள்நாக்குத் தசை. நாலுக்கும் பத்தாம் நரம்புதான். நான் அறுத்தது.”

“உயிரோட இருக்கிறது?”

“ஒண்ணே ஒண்ணு. அண்ணத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அதுக்கு அஞ்சாம் நரம்பு. வேற வழியா வருது. என் கத்தி அந்தப் பக்கம் போகலை.”

“அதுக்கு வேற என்ன வேலை?”

“விழுங்கும்போது...”

நிறுத்தினார்.

“விழுங்கும்போது?”

“காதுக் குழலைத் திறந்துவிடும்.”

ஞானசௌந்தரி எச்சிலைக் கூட்டி ஒருமுறை விழுங்கினார். அதற்கே முகம் சுளித்தது. கண்ணில் நீர் முட்டியது.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெட்டுத் தழும்பு தெரியத் தலையைச் சாய்த்து, இடது காதை அவர் வாயருகே கொண்டுவந்தார்.

திறந்த காது அப்படியே காத்திருந்தது.

“நரம்பு ஒட்டியிருக்கலை, மேடம்,” என்றார் பாக்கியநாதன். “பொறுமையா ஒதுக்கி விட்டிருக்கலாம். அவசரப்பட்டுட்டேன்.”

ஞானசௌந்தரி காதை எடுக்கவில்லை.