பள்ளிக்கூட வாசலில் பிரதானி

வெண்கோட்டை ராஜா ரணகேசரிக்கு யானைப் படை உண்டு, குதிரைப் படை உண்டு, ஐந்து வயதில் ஒரே ஒரு பிள்ளையும் உண்டு. முதல் இரண்டையும் அவர் எப்படியோ சமாளித்துவிடுவார்.

அந்த விஜயதசமியன்று இளவரசன் செல்வகேசரியை அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கூடவே ஊர்ப் பிள்ளைகள் ஒரு கூட்டம். தட்டில் பரப்பிய அரிசியில் வாத்தியார் இளவரசனின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தார். இளவரசன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். பார்த்ததும் ஆரம்பித்தான் பாருங்கள், ஓவென்று ஓர் அழுகை! இளவரசர் அழும்போது தாங்கள் சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ, மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எதிரி வந்துவிட்டான் என்று காவலர்கள் கோட்டைக் கதவைச் சாத்தினார்கள். வாத்தியார் காசிக்குப் போக அனுமதி கேட்டார்.

மத்தியானமே சபை கூடியது.

"நம் பூவராகன் இருக்கிறாரே மகாராஜா" என்று ஆரம்பித்தார் பிரதானி சோமேசர். சபை விகடகவி பூவராகனின் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் சோமேசருக்கு வயிறு எரியும். "அவர் நினைத்தால் முடியாதது உண்டா?"

"உண்மைதான்" என்றார் ராஜா. "பூவராகா, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அழுகைச் சத்தமே கேட்கக் கூடாது. பிரம்பு எடுக்கக் கூடாது. பலகாரமும் கூடாது, பல் கெட்டுவிடும். அழுகை கேட்டதோ, வாத்தியார் காசிக்குப் போகலாம். அவர் இடத்தில் ஆயுசுக்கும் நீதான் வாத்தியார்."

பூவராகன் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பகை நாட்டுத் தூதுவர்களிடம் அசராமல் பேசியவர்தான். ஆனால் தூதுவர்கள் மடியில் ஏறி உட்கார்ந்து மீசையைப் பிடித்து இழுத்ததில்லை.

நேராக இளவரசனிடம் போனார். அவன் பல்லக்குக்கு அடியில் உட்கார்ந்து மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான்.

"காலையிலே ஏன் அழுதீங்க, ராஜா?"

"அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்னாரு. அவரு கண்ணுல தண்ணி. அப்பாவே அழுறாருன்னா உள்ளே ஏதோ பயங்கரமா இருக்கும்போலன்னு நெனச்சேன்."

"உள்ளே என்ன இருந்துச்சு?"

"அரிசி."

பூவராகன் தலையில் கைவைத்துக்கொண்டார். இதைப் போய் யாரிடம் சொல்வது? 'அழுகைக்குக் காரணமே தாங்கள்தான்' என்று சபையில் சொன்னால் தலை தங்காது. சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஆனா ஆவன்னா. ஒரு கணம், தலை போவதே தேவலை என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மறுபடி ராஜாவிடம் வந்தார். "மகாராஜா, ஒரே ஓர் உத்தரவு வேண்டும். நாளைக் காலையில் பிள்ளைகள் உள்ளே போனபிறகு, உச்சி முரசு கொட்டும்வரை வாத்தியாரையும் பிள்ளைகளையும் தவிர வேறு யாரும் பள்ளிக்கூடத்து மதில் வாசலைத் தாண்டக் கூடாது."

சோமேசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மடையன், தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்கிறானே! உள்ளே போகாமல் இவன் எந்தத் தந்திரத்தைச் செய்வான்?

"அருமையான யோசனை!" என்றார். "யாராக இருந்தாலும் என்று அழுத்திச் சொல்லுங்கள், மகாராஜா. அரண்மனை ஆள் என்று சலுகை காட்டினால் அப்புறம் உத்தரவு எதற்கு? மீறினால் வாசல் காத்தவனுக்குத் தலை போகும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவலுக்கு நானே நிற்கிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. பூவராகன் பணிவாகக் கும்பிட்டார்.

மறுநாள் காலை. பிள்ளைகள் உள்ளே போனார்கள். சோமேசர் கையில் ஈட்டியுடன் வாசலில் நின்று, எதிரே வேப்பமரத்தடியில் நின்ற பூவராகனையே முறைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ராஜா வந்தார். தனியாக வந்தார். பள்ளிக்கூடத்துக் கூரையில் ஓடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம்.

சோமேசருக்கு வியர்த்தது. வழி விட்டால் தலை போகும். வழி மறித்தாலும் போகும்போலத்தான் இருந்தது. ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்.

"என்ன பிரதானி இது?"

"உத்தரவு, மகாராஜா."

"யார் உத்தரவு?"

"தங்கள்... தங்கள் உத்தரவுதான்."

ராஜா அவரைப் பார்த்தார். ஈட்டியைப் பார்த்தார். வாசல் கல்லில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஆனா ஆவன்னா கேட்டது. அதில் இளவரசனின் குரல்தான் உரக்கக் கேட்டது. ஜன்னலில் யாருமில்லை, பயப்பட ஒன்றுமில்லை, தட்டில் அதே அரிசிதான்.

"ஒரு தடவைகூட என்னைத் தேடவில்லையே" என்றார் ராஜா. அப்புறம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, நாடாளும் ராஜா விக்கி விக்கி அழுதார். பூவராகன் வேப்பங்கொழுந்தை ரொம்பக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் பெண் பிள்ளை ஒருத்தி இருந்தாள். போன வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள்.

உச்சி முரசு கொட்டியது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். இளவரசன் அப்பாவைத் தாண்டி, புது சிநேகிதர்களோடு பம்பரம் விடப் போய்விட்டான்.

சோமேசர் ஈட்டியைக் கீழே போட்டார். "மகாராஜா! பூவராகன் தோற்றார்! இந்தக் காதால் கேட்டேன், பள்ளிக்கூடத்தில் அழுகைச் சத்தம்! நல்ல பலத்த அழுகை!"

"அப்படியா?" என்றார் பூவராகன். "பிரதானி கேட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும். இப்போதே வாத்தியார் வேலையை ஒப்புக்கொள்கிறேன். அழுதது யார் என்று மட்டும் சபையறியச் சொல்லிவிடுங்கள்."

சோமேசர் வாயைத் திறந்தார். ராஜாவின் சிவந்த கண்களைப் பார்த்தார். வாயை மூடினார்.

"யாரும் அழவில்லை, மகாராஜா" என்றார் கடைசியில். "காற்று."

ராஜா சிரித்தார் பாருங்கள், மறுபடி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துப் பூவராகனுக்குப் போர்த்தினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு நான் தூரத்தில், அந்த வேப்பமரத்துக்குப் பின்னால் மட்டும் நின்றுகொள்ளலாமா?" என்று கேட்டார்.

"அதை என்னிடம் கேட்டால் எப்படி, மகாராஜா?" என்றார் பூவராகன். "வாசல் காக்கிறவர் அதோ நிற்கிறாரே!"