கேளையாடு ஓயாமல் குரைப்பது ஏன்

அந்தக் காலத்தில் மிருகங்கள் பேசின. பேசியதோடு நில்லாமல் கூட்டமும் போட்டன. மழை மிகுந்த ஒரு மலைச்சரிவில் அவற்றுக்குப் பதினொரு வீடுகள் இருந்தன. மேல்வரிசையில் நான்கு, நடுவில் மூன்று, கீழே நான்கு. குட்டிகளையும் சேர்த்து முப்பத்தேழு உயிர்கள்.

அந்தச் சரிவில் மழைக்கு மண் இளகும். ஊற்றுத் தண்ணீர் கலங்குகிறதா, தரையில் வெடிப்பு விடுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு காவலன் உண்டு. முதலில் கருமந்திதான் காவல் பார்த்தது. ஒரே மழைக்காலத்தில் அது இருபத்தாறு முறை அலறியது. மண் சரிந்தது இரண்டு முறை. மற்ற இருபத்துநான்கும் வெறும் காற்று.

"மண் விழுந்தாலும் பரவாயில்லை, இந்தச் சத்தம் தாங்காது" என்றது கரடி.

கூட்டம் கூடியது. இனிமேல் காவலன் அமைதியானவனாக இருக்க வேண்டும், யாருடைய மத்தியானத் தூக்கத்தையும் கெடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. எதிர்த்தது கருமந்தி மட்டுமே. அதையும் அலறித்தான் எதிர்த்தது.

கேளையாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயரில் ஆடு இருந்தாலும் அது ஒரு சிறிய மான். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. கடிப்பதற்கு முன்னால் புல்லிடம்கூட மன்னிப்புக் கேட்கும் என்று மரநாய் கேலி செய்யும். ஆனால் வேலையில் கெட்டி. மேல்வரிசைக்குப் பின்னால் விழுந்திருந்த வெடிப்பைத் தினமும் தன் குளம்பால் அளந்தது. திங்கட்கிழமை அகலம் ஒரு குளம்பு. செவ்வாய் ஒன்றரை. புதன் மத்தியானம் நான்கு. ஊற்றும் நின்றுபோயிருந்தது.

இன்னும் சற்று நேரத்தில் சரிவு முழுவதும் இறங்கிவிடும் என்று கேளையாட்டுக்குப் புரிந்தது. முதலில் மரநாய் வீட்டுக்கு ஓடியது. வாசலில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்லக் கனைத்தது.

"அட, வாப்பா! காப்பிப் பழம் பறித்து வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் பேசு."

மறுத்தால் மனம் நோகுமே என்று நின்றபடி மூன்று பழம் தின்றது. விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மரநாய் நான்காவது பழம் எடுக்க உள்ளே போய்விட்டது.

அடுத்த வீட்டில் கரடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எழுப்பக் கூடாது என்பதுதானே தீர்மானம்? தானாகப் புரண்டு படுக்கிறதா என்று சிறிது நேரம் காத்திருந்தது. கரடி புரளவில்லை.

மூன்றாவது வீடு முள்ளம்பன்றியுடையது. ஐந்து நாள் ஆன இரண்டு குட்டிகள் அதன் மடியில் கிடந்தன.

"அக்கா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். உங்களுக்குச் சௌகரியப்பட்டால், குழந்தைகளோடு எதிர்மேட்டுக்கு வர முடியுமா?"

"எப்போ தம்பி?"

"அக்காவுக்கு ஒழியும்போது..."

"அப்படியென்றால் வெள்ளிக்கிழமை பார்க்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டுக் கேளையாடு திரும்பியது. அப்போது மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்து, சின்னக் குட்டியின் வால் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. கேளையாட்டின் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் கிளம்பியது.

"பவ்! எழுந்திரு! வெளியே போ! பவ்!"

சரிவே அதிர்ந்தது. பதினொரு வீட்டிலிருந்தும் எல்லாரும் வெளியே ஓடி வந்தார்கள். பயந்து அல்ல, சண்டை போடத்தான்.

"என்ன மரியாதை இது?"

"யாரைப் பார்த்துப் 'போ' என்கிறாய்?"

"பழம் தின்ற வாயா இது?"

கேளையாடு எதிர்மேட்டை நோக்கி ஓடியது. ஓடிக்கொண்டே குரைத்தது. விட்டேனா பார் என்று எல்லாரும் துரத்தினார்கள். முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே வந்தது.

"வெள்ளிக்கிழமை என்று மரியாதையாகத்தானே சொன்னேன்? அதற்குள் உனக்கு என்ன..."

பின்னால் இடி உருண்டது போல் இருந்தது. முள்ளம்பன்றி திரும்பிப் பார்த்தது. வீடு இல்லை. வாசல் இல்லை. பதினொரு வீடும் இருந்த இடத்தில் சிவந்த மண் ஓடிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி குட்டிகளை மூக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

கேளையாடு தலைகளை எண்ணியது. முப்பத்தாறு. மறுபடி எண்ணியது. முப்பத்தாறுதான். நடுவரிசையில் தனியாக இருந்த அழுங்கு மாமாவைக் காணவில்லை.

அது மண்ணைப் பார்த்துக் குரைத்தது. பதில் இல்லை. மறுபடி குரைத்தது. பொழுது சாயும்வரை, தொண்டை கட்டும்வரை குரைத்தது. "போதும் தம்பி, மாமா இனி வராது" என்று முள்ளம்பன்றி அழுதுகொண்டே சொன்னது. கேளையாடு கேட்கவில்லை.

கடைசியில், கரடி உட்கார்ந்திருந்த பாறை அசைந்தது.

"முதலில் என்மேலிருந்து எழுந்திரு" என்றது பாறை. செதில் மூடிய உடம்பைப் பந்தாகச் சுருட்டிக் கிடந்த அழுங்கு தலையை நீட்டியது. "உங்களுக்கெல்லாம் முன்னாலேயே உருண்டு வந்துவிட்டேன்."

"மாமா! இவ்வளவு நேரம் கூப்பிட்டேனே, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"மரியாதையில்லாமல் கூப்பிட்டால் நான் பதில் சொல்வதில்லை."

அன்று முதல்தான், புலியைக் கண்டாலும் சரி, சருகு அசைந்தாலும் சரி, கேளையாடு ஒருமுறை குரைத்து நிறுத்துவதில்லை. எல்லாரும் வந்தாயிற்று என்று யாராவது எண்ணிச் சொல்லட்டும் என்று, ஒரு மணி நேரமானாலும் குரைத்துக்கொண்டே நிற்கிறது.