உபயம்: செங்கோடன்

எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குச் சோலார் விளக்கு தானம் கொடுத்தவர் பஞ்சாயத்துத் தலைவர் செங்கோடன். திறப்பு விழாவில் மேளதாளம் குறையவில்லை. பேட்டரியில்தான் அன்றிலிருந்தே சார்ஜ் ஏறவில்லை. பிரசவம்கூட டார்ச் வெளிச்சத்தில்தான் நடந்தது.

தலைவர் வந்து, கூட்டிப் பெருக்கும் பொன்னாத்தாளிடம் பாய்ந்தார்.

"நான் குடுத்தது ஒசத்திச் சாமான். நீதான் என்னமோ பண்ணிட்டே. சாயங்காலத்துக்குள்ள சார்ஜ் ஏறலைன்னா உனக்கு வேலை கிடையாது!"

பொன்னாத்தாள் மாடியேறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"வெயில் நல்லாத்தான் வருதுங்க. பேனல் கண்ணாடி பூரா உங்க பேரைப் பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கீங்க. அதைப் படிச்சுட்டு அங்கேயே நின்னுருதுங்க."

நர்ஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

பொன்னாத்தாளே பெயரைச் சுரண்டி எடுத்தாள். சாயங்காலம் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முதலில் படித்தது, தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய வேலைநீக்க உத்தரவு.